மஞ்சள் கள்ளர்

2020 ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கம் டொலரைக் காப்பாற்றும் திருப்பணியில் மஞ்சளையும் சேர்த்துக்கொண்டது. இறக்குமதிக்குத் தடை. பருப்புக் கறிக்குப் போடுகிற ஒரு சிட்டிகை மஞ்சளில்தான் நாட்டின் கஜானா கரைகிறது என்று எந்த மேதை கண்டுபிடித்தாரோ தெரியாது. விலை ஏறியதும் ராமேஸ்வரம் பக்கமிருந்து மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் படகுகளில் மூட்டைகள் வரத் தொடங்கின. ஒரு காலத்தில் எதையெதையோ தேடிய கடற்படை அதே கடலில் மஞ்சள் தேடியது. பிடித்த மூட்டைகளை அடுக்கி வைத்து, பக்கத்தில் ஆட்களைக் குந்தவைத்துப் படமும் எடுத்தார்கள். நாட்டின் அந்நியச் செலாவணிக்குத் துரோகம் செய்தவர்கள் என்று பத்திரிகையில் நான் முகம் பார்த்தது அவர்களை மட்டுந்தான்.

மற்றக் கள்ளர்கள் படத்தில் இல்லை. அவர்கள் ஓர் அட்டவணையில் இருந்தார்கள்.

அந்த அட்டவணையை மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும். சர்வதேச நாணய நிதியம் வகுத்த படிவம் அது. கையிருப்பு எவ்வளவு, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் போகவேண்டியது எவ்வளவு, மூன்று மாதத்துக்குள் எவ்வளவு, ஒரு வருடத்துக்குள் எவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் காட்டும். முன்னரே நிச்சயிக்கப்பட்ட குறுங்கால வெளியேற்றம் என்று அதற்குப் பெயர். நிச்சயிக்கப்பட்டது என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாத்திரியாரிடம் போய்ச் சாதகம் காட்டி அறியவேண்டிய சங்கதி அல்ல. நாள் குறித்து, அழைப்பிதழ் அடித்து, வாசலில் வந்து நின்ற சாவு.

2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர் இருந்தது. 2021 நவம்பரில் 1.6 பில்லியன். 2022 இல் வெளிநாட்டுக் கடனுக்குக் கட்டவேண்டியதோ கிட்டத்தட்ட 7 பில்லியன். நாலாம் வகுப்புப் பிள்ளைகூடக் கழித்துப் பார்த்துவிட்டு ரீச்சரின் முகத்தைப் பார்க்கும். எங்கள் கனவான்கள் கழித்துப் பார்க்கவில்லை. அஜித் நிவாட் கப்ரால் மத்திய வங்கி ஆளுநர் நாற்காலியில் வந்து குந்தி, 2021 ஒக்டோபர் முதலாம் திகதி ஆறு மாத வழித்திட்டம் ஒன்றை வாசித்தார். நாணய நிதியத்திடம் போகத் தேவையில்லை, சொந்தக் கைமருந்தே போதும் என்றார். ஆறு மாதம் என்ற கணக்கு மட்டும் பிசகவில்லை. ஆறு மாதமும் பதினொரு நாளும் கழித்து நாடு கைவிரித்தது.

அதற்கு முன், 2021 டிசம்பரில் ஓர் அற்புதம் நடந்தது. 1.6 பில்லியன் ஒரே மாதத்தில் 3.1 பில்லியன் ஆனது. சீன மத்திய வங்கியின் 10 பில்லியன் யுவானைக் கணக்கில் ஏற்றியதால் வந்த வீக்கம் அது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய கையிருப்பு இருந்தால்தான் அந்தப் பணத்தைத் தொடலாம் என்ற நிபந்தனை பிறகுதான் வெளியே வந்தது. அதாவது, பணம் உள்ளவனுக்குத்தான் அந்தப் பணம். இரவல் சீலையில் நல்ல கொய்யகம் என்று எங்கள் கிழவிகள் சொல்வார்கள். இந்த இரவல் சீலை அலுமாரியை விட்டு வெளியிலேயே வரவில்லை.

இதற்கிடையில் ரூபாவின் மானம் காக்கப்பட்டது. டொலர் 203 ரூபா என்று வங்கியில் எழுதிப் போட்டிருந்தார்கள். தெருவில் 240, 250. குவைத்தில் யாரோ வீட்டுச் சட்டி கழுவுகிற பெண் 203 க்கு அனுப்புவாளா, 250 க்கு அனுப்புவாளா? அவள் வங்கிக்கு வெளியே, உண்டியலில் அனுப்பினாள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பும் பணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலர் வந்த இடத்தில் 2021 இல் 5.5 தான் வந்தது. வங்கிக்கு வாருங்கள், டொலருக்குப் பத்து ரூபா மேலதிகமாகத் தருகிறோம் என்றார்கள். நாற்பதை விட்டுவிட்டுப் பத்தை வாங்க வராதவளுக்குத் தேசப்பற்று இல்லையாம்.

இனி 2022 ஜனவரி 18. அன்று 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடன் முதிர்ந்தது. சந்தையில் அந்தப் பத்திரங்கள் முகப்பெறுமதிக்குக் கீழே விலைபோய்க்கொண்டிருந்தன. நாடு கட்டாது என்று வாங்கியவனே பாதி நம்பியிருந்தான். கட்டாதீர்கள், பேசுங்கள், அந்தக் காசுக்கு எண்ணெயும் மருந்தும் எடுங்கள் என்று பொருளியலாளர்கள் மன்றாடினார்கள். ஆளுநர் சதம் குறையாமல் கட்டிவிட்டு ட்விட்டரிலும் அறிவித்தார். மார்ச்சில் பேராதனை வைத்தியசாலையில் மருந்தில்லாமல் குறித்துவைத்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பிள்ளைகளின் தவணைப் பரீட்சை நின்றது. பெற்றோல் வரிசையில் கிழவர்கள் நின்ற நிலையிலேயே செத்தார்கள். மார்ச் 28 தொடக்கம் பெற்றோல் கப்பலொன்று கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் கிடக்கிறது, காசு கட்ட டொலர் இல்லை என்று மே 18 இல் எரிசக்தி அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். அதே நிறுவனத்துக்கு முந்தைய கப்பலுக்கான பாக்கி என்று அவர் குறிப்பிட்ட தொகை 53 மில்லியன். ஜனவரியில் கட்டியதில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று.

பசளைக் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். டொலர் மிச்சம் என்று 2021 இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்தார்கள். வயல் படுத்தது. பிறகு அதே டொலரைக் கொடுத்து அரிசி இறக்கினார்கள். இயற்கைப் பசளை என்று சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதில் தீங்கான கிருமி இருக்கிறதென்று திருப்பியனுப்பினார்கள். திருப்பியனுப்பிய கப்பலுக்குக் கிட்டத்தட்ட 7 மில்லியன் டொலரும் கொடுத்தார்கள். மஞ்சளுக்கு டொலர் இல்லாத நாடு, இறக்காத எருவுக்குக் காசு கட்டியது!

யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு குரூரமான சிரிப்பு வந்ததை மறைப்பானேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் நாங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோலை முகரக் கொடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். பதின்மூன்று மணிநேர மின்வெட்டு கொழும்புக்கு வந்தபோது அங்கிருந்த சிங்கள நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஐசே, அந்த விளக்கை எப்படிச் செய்வது?" சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. போத்தல் விளக்குச் செய்யும் முறையை விளங்கப்படுத்தினேன்.

ஏப்ரல் 12 இல் கடன் கட்டுவதை நிறுத்தினார்கள். பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன்கூட இல்லை என்று மே மாதம் நிதியமைச்சர் ஒப்புக்கொண்டார். 203 என்று கட்டிக்காத்த டொலர் 360 இல் போய் நின்றது.

இந்த வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் 2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாட்டை ஆண்ட கோட்டாபய, மஹிந்த, பசில் என்ற மூன்று ராஜபக்ஷக்களும், முன்னாள் ஆளுநர்கள் கப்ராலும் லக்ஷ்மனும், வேறு உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றது. சிறை இல்லை, நட்டஈடு இல்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா மட்டும். அன்றைய விலைக்கு 500 டொலர்கூட வராது.