இடைநிலையார்

இத்தாலிய மொழியைப் புதிதாகப் படிக்க ஆரம்பித்தவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். படித்து முடித்தவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவரைப் பார்த்தால் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய்விடலாமா என்று தோன்றும். அவர்தான் இடைநிலையார். நானும் சில காலம் அவராக இருந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவரைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் நடு இத்தாலியில் உம்ப்ரியா பகுதியில் ஒரு மலைமேல் இருக்கும் பெரூஜாவுக்குப் போக வேண்டும். 1921-இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. பெயரே ‘அந்நியருக்கான பல்கலைக்கழகம்’. வகுப்புக்குள் நுழையும் முன்பே நாம் யார் என்று சொல்லிவிடுகிறார்கள். அது இயங்கும் கலெங்கா மாளிகைக்கு எதிரே, இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக ஒரு கல் வளைவு நிற்கிறது. எத்ருஸ்கர்கள் கட்டியது. அவர்களுடைய மொழியை இன்றுவரை யாரும் முழுதாகப் புரிந்துகொண்டதில்லை. வகுப்பு முடிந்து வெளியே வரும் இடைநிலையாருக்கு அந்த வளைவைப் பார்த்ததும் ஓர் ஆறுதல் பிறக்கும்.

ஐரோப்பியக் கணக்கில் மொழியறிவுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். இடைநிலையார் நிற்பது பி1. இந்தப் படிக்கு வந்தவர் தமக்குப் பழக்கமான விஷயங்களைப் பற்றிப் பேசுவார் என்பது விதி. ஊர்க்காரர்கள் அவருக்குப் பழக்கமான விஷயத்தைப் பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சிக்கல் அங்கேதான்.

அவர் முதலில் கற்றுத் தேர்வது பெயர்ச்சொல்லையோ வினைச்சொல்லையோ அல்ல, இட்டு நிரப்பும் சொற்களை. ‘அல்லோரா’ என்றால் ‘அப்போ’. ‘இன்சொம்மா’ என்றால் ‘ஏதோ ஓடுது’. ‘மகாரி’ என்றால் ‘ஹூம், நடந்தால் நல்லாத்தான் இருக்கும்’. இவை எல்லாவற்றுக்கும் ராஜா ‘போ’. நம் காதுக்கு யாரையோ விரட்டுவதுபோல இருக்கும். பொருள் என்னவோ ‘யார் கண்டது’. தோளைத் தூக்கி, கீழுதட்டைப் பிதுக்கிச் சொல்ல வேண்டும். இடைநிலையார் வாயைத் திறந்தால் இந்த நான்கும் வரிசையாக வரும். சாரம் பிரமாதமாகக் கட்டியிருக்கும், கட்டடம்தான் இருக்காது.

கூடவே கை. நேப்பிள்ஸ் நகரத்துக் கைச்சாடைகளைப் பற்றி ஆந்திரேயா தெ யோரியோ என்ற பாதிரியார் 1832-லேயே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். இடைநிலையாருக்குத் தெரிந்தது அதில் ஒரே ஒரு சாடை. உப்பு எடுப்பதுபோல ஐந்து விரல்களையும் குவித்து மேலும் கீழும் ஆட்டுவது. ‘என்னதான் சொல்ல வர்றே?’ என்று அதற்கு அர்த்தம். எதிரில் இருப்பவர் இவரைப் பார்த்துக் காட்ட வேண்டிய சாடையை இவரே முந்திக்கொண்டு காட்டிக்கொண்டிருப்பார்.

இனி ‘கொன்ஜுந்தீவோ’வுக்கு வருவோம். பெயரைக் கேட்டாலே நெஞ்சடைக்கும். இத்தாலிய மொழியில் சந்தேகத்துக்கென்று தனி வினை வடிவம் உண்டு. ‘எனக்குத் தெரியும், அவன் வீட்டில் இருக்கிறான்’ என்றால் ஒரு ‘இருக்கிறான்’. ‘அவன் வீட்டில் இருக்கிறான் என்று நினைக்கிறேன்’ என்றால் வேறொரு ‘இருக்கிறான்’. நினைத்தாலும் நம்பினாலும் ஆசைப்பட்டாலும் அஞ்சினாலும் வினை வேஷம் மாற்றிக்கொள்ளும். வாய்பாடு ஒரு பக்கம், விதிவிலக்கு மூன்று பக்கம்.

இந்த வாய்பாடு மனப்பாடம் ஆகாதவர் என்ன செய்வார்? நினைப்பதையே நிறுத்திவிடுவார். ‘நினைக்கிறேன்’ என்று தொடங்கினால் ஆபத்து, ‘தெரியும்’ என்று தொடங்கினால் பாதுகாப்பு. சொந்த ஊரில் குடை வாங்கவே நாலு பேரிடம் யோசனை கேட்ட மனிதர், பெரூஜாவில் வந்திறங்கிய ஆறாவது மாதம் எல்லாம் தெரிந்தவராகிவிடுவார். நாளை மழை வரும், தெரியும். இந்த அரசாங்கம் கவிழும், தெரியும். உங்கள் மகள் அவனைக் கட்டிக்கொள்ள மாட்டாள், தெரியும். ஆள் திமிர் பிடித்தவர் இல்லை. இலக்கணம் படுத்தும் பாடு.

சிலர் கொஞ்ச நாளில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். ‘சேகொந்தோ மே’, அதாவது ‘என்னைக் கேட்டால்’. இப்படி ஆரம்பித்தால் சந்தேக வடிவம் தேவையில்லை, சாதாரண வினையே போதும். அன்றிலிருந்து யாரும் கேட்காமலேயே ‘என்னைக் கேட்டால்’ என்று ஆரம்பிப்பார்.

வாய்பாட்டைக் கரைத்துக் குடித்தவர் இன்னும் மோசம். கற்ற வித்தையைக் காட்ட வேண்டுமே! ‘சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று நம்புகிறேன்’ என்பார். நான் இருந்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். ஒன்றாம் தேதி வீட்டுக்கார அம்மாளிடம், ‘சிஞ்ஞோரா, இந்த மாத வாடகையைக் கொடுத்துவிட்டேன் என்று நம்புகிறேன்’ என்றார். இலக்கணத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அம்மாள் கையை நீட்டினார்.

இத்தாலியர்களுக்கே இந்த வடிவம் சறுக்கும் என்பதுதான் வேடிக்கை. 1975-இல் வந்த ‘ஃபந்தோஸ்ஸி’ படத்தில் அலுவலகக் குமாஸ்தாக்கள் இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லும் காட்சிக்கு அந்த நாடே சிரித்தது. வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினார்கள். நாங்களும் சிரித்தோம், ஆசிரியை சிரித்து முடித்த பிறகு.

மரியாதை இன்னொரு கண்ணி. ‘நீங்கள்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘லேயி’. அதற்கே ‘அவள்’ என்றும் பொருள். மீசை வைத்த பேராசிரியரை ‘அவள்’ என்று அழைக்க நாக்கு கூசும். முசோலினி 1938-இல் இந்த ‘லேயி’ கூடாது, ‘வோயி’தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுப் பார்த்தார். அவர் போய்விட்டார், ‘லேயி’ இருக்கிறது. இடைநிலையாரோ பேராசிரியரை ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்கார அம்மாளின் பூனைக்கு ‘லேயி’ போடுவார்.

ஒரே ஒரு இடத்தில் தமிழ்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இரட்டை மெய். ‘அன்னோ’ என்றால் வருடம். ஒரு ‘ன்’னை விழுங்கி ‘அனோ’ என்றால் உடம்பில் வெளியே சொல்லக் கூடாத ஓர் இடம். என் வயது இருபது என்று சொல்லப்போய், அந்த இடம் தமக்கு இருபது இருப்பதாக அறிவித்த ஆங்கிலேயர்கள் உண்டு. படு, பட்டு என்று பிறந்ததிலிருந்து புழங்குகிற நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இதைவிட ஒன்று உண்டு. எழுத்தில் ‘அ காஸா’ என்று இருப்பதை நடு இத்தாலியிலும் தெற்கிலும் ‘அக்காஸா’ என்று சொல்கிறார்கள். வீட்டுக்கு என்று பொருள். வல்லினம் மிகுகிறது! பள்ளிக்கூடத்தில் ஒற்றுப்பிழைக்கு வாங்கிய குட்டெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் பலித்தது.

எதிர்த்திசையில் பயணம் செய்த ஒருவரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1680-இல் கஸ்தில்யோனே என்ற வட இத்தாலிய ஊரில் பிறந்த பெஸ்கி, தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவராகி, 3,615 பாடல்களில் தேம்பாவணி எழுதினார். அவரும் கொஞ்ச நாள் இடைநிலையாராக ஏதோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ‘அப்போ… வந்து… ஏதோ…’ என்று இழுத்திருக்கத்தானே வேண்டும்? பரமார்த்த குருவின் சீடர்கள் அந்தத் திண்ணையில்தான் அவருக்குக் கிடைத்திருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஊகம்.

மொழியோடு கலாசாரமும் பாடம். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்தான் மரம்போல நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது கப்புச்சீனோ கேட்டுவிட்டால் கடைக்காரர் பேசாமல் போட்டுக் கொடுப்பார். இடைநிலையாருக்குத்தான் முகம் சிவக்கும். பாலெல்லாம் காலையோடு சரி என்று பிரசங்கம் நடக்கும். அவரே வந்த முதல் வாரம் ‘லாத்தே’ என்று கேட்டு, ஒரு டம்ளர் வெறும் பாலை வாங்கிக் குடித்தவர்.

பெரூஜாவின் ரொட்டியில் உப்பு கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவனுக்கு அது பெரிய சோதனை. இடைநிலையார் நம்மை நிம்மதியாகச் சோதனைப்படவும் விடமாட்டார். 1540-இல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியைக் கூட்டினார், ஊர் கலகம் செய்து தோற்றது, அந்த ரோஷத்தில் உப்பையே விட்டுவிட்டது என்று கதை சொல்வார். கலகமும் அதன்பின் போப் எழுப்பிய கோட்டையும் உண்மை. ரொட்டிக்கு அதுதான் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம். இவருக்குத் தெரியும். ஆனால் ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்று முதல் வாரத்தில் படித்தது மண்டையில் உட்கார்ந்திருக்கும், போப்புக்கு அவர்கள் சொல்லும் பெயரோ ‘பாபா’. ஆகவே இவர் கதையில் போப் வந்தாள், வரி போட்டாள், கோட்டை கட்டினாள்.

இடைநிலையார் தடங்கலில்லாமல் பேசும் இடம் ஒன்று உண்டு. இன்னொரு இடைநிலையாரிடம். எங்கள் வீட்டில் ஒரு சீனப் பெண் ஆபரா படிக்க வந்திருந்தாள். ஒரு பிரேசில்காரர், கொள்ளுத்தாத்தாவின் ஊர்மொழியைக் கற்க வந்தவர். வாடகையை நம்பியவர் ஜெர்மானியர், ஓய்வுபெற்றவர். நான்கு பேருக்கும் பொதுமொழி பி1 இத்தாலியன். ஒருநாள் ராத்திரி, குளிர்பெட்டியில் இருந்த பாலைக் குடித்தது யார் என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம். பால் ஆணா பெண்ணா என்று யாரும் பார்க்கவில்லை. போன வாரம் நாளைக்கு வந்தது, நேற்று நாளைக்குப் போனது. ஒரு சொல் புரியாமல் போகவில்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்தார். கதவைத் திறந்து, என்ன நடக்கிறது இங்கே என்று ஒரே மூச்சில் கேட்டார். சட்டென்று நாலு பேருக்கும் வாய் அடைத்தது. வாய்பாடெல்லாம் ஆவியாகிப் போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு சொல்லி வைத்தாற்போல நால்வரும் தோளைத் தூக்கி, கீழுதட்டைப் பிதுக்கிச் சொன்னோம்:

“போ.”

அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.