மரை பார்க்கும் மனிதர்

சைக்கிளை நிமிர்த்தி வைத்துப் பார்ப்பவர்கள் சாதாரண ஜனங்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றைக் கண்டால் முதல் காரியமாக அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். பெடல் அச்சு ஓடுகிற பிபி கூட்டின் அடியில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். அதைப் படித்தாக வேண்டும். சேறு அப்பியிருந்தால் கைக்குட்டையால் துடைப்பார்கள். கைக்குட்டை இல்லாவிட்டால் எச்சில். வண்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்மாளுக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். எந்த உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார் என்பது முக்கியமல்ல, அவருக்கே அது மறந்துபோயிருக்கலாம். நகக்கண்ணில் கிரீஸ். சட்டைப்பையில் சின்ன டார்ச், வெர்னியர் அளவுகோல். கல்யாணத்துக்குப் போனாலும் இரண்டும் கூடவே வரும். துக்க வீட்டுக்குப் போனால் அங்கேதான் உபயோகமே.

"உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், அம்மா."

"ஆமாம்ப்பா. ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டார்."

"அந்தக் காலத்துல ரேஸெல்லாம் ஓட்டினாரே..."

"அந்தச் சைக்கிளா? கோழிக்கூண்டுக்குப் பின்னாடி கிடக்குது."

அதற்குப் பிறகு நம்மாள் காட்டும் துக்கத்தில் கலப்படம் உண்டு என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து வெளிச்சத்துக்கு வரும் வண்டியின் பிரேமில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதியிருக்கும். நாமானால் அதைப் படித்துவிட்டு விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்புவோம். நம்மாள் நம்பாத ஒரே விஷயம் அந்தப் பெயர்தான். ஸ்டிக்கர் என்பது ஒட்டக்கூடியது, ஆகவே பொய் சொல்லக்கூடியது என்பது அவர் கொள்கை. இந்த அவநம்பிக்கைக்கு அவர் நாட்டுச் சரித்திரம் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது.

செடெல்கெம் ஊரில் கிளாய்ஸ் குடும்பத்தார் சைக்கிள் தொழிற்சாலை நடத்தினார்கள். 1956-ல் அண்ணன் தம்பிக்குள் தகராறு. சொத்துத் தகராறு எங்கும் நடப்பதுதான். இவர்கள் தொழிற்சாலைக்கு நடுவிலேயே சுவர் எழுப்பிவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஃபிளாண்டிரியா, அந்தப் பக்கம் சூப்பீரியா. நம்மாள் இந்தக் கதையைச் சொல்லும்போது, அந்தச் சுவருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவர்போல் இருக்கும். எந்தச் சகோதரர் பக்கம் நியாயம் என்பதில் அவருக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. எதிர்க்கட்சியைச் சேர்ந்த இன்னொரு நம்மாளோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை.

எடி மெர்க்ஸ் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. டூர் டி ஃபிரான்ஸை ஐந்து முறை வென்றவர். பெல்ஜியத்தில் அவர் பெயரைச் சொன்னால் பால்காரரும் நிமிர்ந்து நிற்பார். அந்தப் பெயர் போட்ட சைக்கிள் ஒன்று கிடைத்தால் கொண்டாட வேண்டியதுதானே? கொண்டாடலாம், கொஞ்சம் பொறுத்து. 1970களில் அவர் பெயரைத் தாங்கிய வண்டிகளை ஓஸ்டெண்ட் நகரத்து கெசல்ஸ் கம்பெனி செய்தது. இங்கிலாந்தில் ஃபால்கன் கம்பெனியும் உரிமம் வாங்கிச் செய்தது. மெர்க்ஸ் பந்தயத்தில் ஓட்டிய சைக்கிள்களையோ இத்தாலிக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபின் 1980-ல், மெய்சே என்ற ஊரில்தான் அவர் சொந்தமாகத் தொழிற்சாலை ஆரம்பித்தார். அதற்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் ஊகோ டி ரோசா என்ற இத்தாலியர். ஆக, "இது மெர்க்ஸ் சைக்கிள்" என்று நீங்கள் பெருமையாகச் சொன்னால், "எந்த மெர்க்ஸ்?" என்று நம்மாள் கேட்பார். ஊரில் ஒரே ஒரு மெர்க்ஸ்தான் உண்டு என்று நினைத்திருந்த உங்களுக்கு வாய் அடைத்துப்போகும்.

பிரஸ்ஸல்ஸ் மெட்ரோவில் மெர்க்ஸ் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. 1972 அக்டோபர் 25-ல் மெக்சிகோ நகரில், ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தாரே, அந்தச் சைக்கிளை அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். நம்மாள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பின்சக்கரம் மாட்டும் இடத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார். ரயில்கள் வரும், போகும். பெல்ஜியத்தின் மிகப் புனிதமான சைக்கிள் அது. அதைச் செய்தவர் எர்னெஸ்டோ கொல்னாகோ என்ற இத்தாலியர். சாதனை நாளன்று அதன்மேல் இருந்த பெயர் வின்ட்சர், மெக்சிகோ கம்பெனி. இதைச் சொல்லும்போது நம்மாள் முகத்தில் தோன்றுவது அவமானமா ஆனந்தமா என்று சொல்வது கடினம். ஸ்டிக்கரை நம்பாதே என்ற கொள்கைக்கு அரசாங்கமே கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறதே!

எழுத்தை நம்பாதவர் எதைத்தான் நம்புகிறார்? இரும்பை. முன் ஃபோர்க்கைக் கழற்றி, தண்டுக்குள் கீழிருந்து டார்ச் அடிப்பார். உள்ளே ஐந்து வரிகள் முறுக்கி ஓடினால் கொலம்பஸ் குழல். பிபி கூட்டின் வழியாக எட்டிப் பார்த்து, குழல்களின் முனையிலும் அதே மாதிரி வரிகள் தெரிந்தால் எஸ்எல்எக்ஸ், அதாவது இன்னும் உசத்தி. சீட் குழலின் உள்விட்டம் 27.2 மில்லிமீட்டரா? நல்ல வம்சம். 26-க்குப் பக்கத்தில் நின்றால் வெர்னியரைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொள்வார். சொந்தக்காரர் மனம் புண்படக்கூடாது பாருங்கள்.

பிறகு வயது. கம்பன்யோலோ கம்பெனி தன் பின்கியரில் பேடன்ட் வருஷத்தைப் பொறித்துவைத்தது. கிராங்கின் முதுகில் வைரக் கட்டத்துக்குள் ஓர் எண் இருந்தால் 1970கள், வட்டத்துக்குள் இருந்தால் 1980கள். ஹப் நட்டிலும் வருஷம் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துவைத்து, ஜாதகம் கணிப்பவர் கட்டம் பார்க்கிற மாதிரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கியர் 1974 என்கிறது. ஹப் 1968 என்கிறது. கிராங்க் 1977. ஒரே வண்டிக்கு மூன்று பிறந்தநாள்! ஓட்டியவன் தேய்ந்த சாமானைக் கழற்றிவிட்டு அவ்வப்போது கையில் கிடைத்ததை மாட்டினான் என்பது உங்களுக்கும் எனக்கும் தோன்றும் விளக்கம். நம்மாளுக்கு அது ருசிக்காது. தொழிற்சாலைத் தீ, கணக்கில் வராத ஒரு சிறப்புத் தயாரிப்பு, அணி மாறிய வீரர் ஒருவர் என்று அவரிடம் ஒரு நாவலே தயாராக இருக்கும்.

இந்த ஆராய்ச்சியின் முடிவில் தெரியவருவது என்னவென்றால், பெல்ஜிய சைக்கிளில் பெல்ஜியம் மிகக் குறைவு. குழல் இத்தாலி, இல்லாவிட்டால் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ். கியர் இத்தாலி அல்லது பிரான்ஸ். மாஃபாக் பிரேக் பிரான்ஸ். புரூக்ஸ் தோல் சீட் இங்கிலாந்து. அப்படியானால் இதில் பெல்ஜியம் எங்கே என்று ஒருவர் கேட்டுவிட்டார். நம்மாள் அரை நிமிஷம் கோபமாகப் பார்த்துவிட்டு, "ரோடு யாருடையது?" என்றார். அந்த ரோடுகளில் உருண்ட எந்த வண்டியும் பெல்ஜியம்தான் என்பது தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அடையாளம் கண்டாயிற்று. வண்டி நிலவறைக்கு இறங்குகிறது. இனி ஓவராயில்.

ஹேண்டில்பார் தண்டு அலுமினியம், அது நுழைந்திருக்கும் குழல் இரும்பு. ஐம்பது வருஷம் வியர்வையும் மழையும் குடித்து இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். எண்ணெய் விடுவார். சுடவைப்பார். ஐஸ் வைப்பார். அம்மோனியா ஊற்றுவார், அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு விருந்தாளிகள் வரமாட்டார்கள். குரோமில் துருவா? அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தால் போய்விடும், கொஞ்சம் கொக்கோ கோலா தெளித்தால் இன்னும் நல்லது. குளியல் தொட்டியில் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்து பிரேமை ஊறப்போடுவார். அன்று வீட்டில் மற்றவர்கள் குளிக்கக்கூடாது. குளிக்கவும் மாட்டார்கள், அதற்குள் பழகியிருக்கும். கிராங்கைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டு அது கறுத்து வந்த நாளில் மட்டும் வீட்டில் சத்தம் கேட்டது. வீட்டம்மா தட்டுகளுக்காகச் சத்தம் போட்டார், இவர் கிராங்குக்காக.

உண்மையான கண்டம் பிபி கப்பைக் கழற்றுவதில் இருக்கிறது. ஆங்கில மரை என்றால் செயின் பக்கத்து கப் இடது மரை, கழற்றும் திசை தலைகீழ். இத்தாலிய மரை என்றால் இரண்டு பக்கமும் வழக்கமான வலது மரை. பெல்ஜியத்துப் பட்டறைகளில் ஒருவர் இதைப் போட்டார், இன்னொருவர் அதைப் போட்டார். எதுவென்று தெரியாமல் ஸ்பேனருக்கு ஒரு மீட்டர் பைப்பை மாட்டித் தொங்கினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவோம். கூட்டின் அகலத்தை அளந்தால் தெரிந்துவிடும்: 68 மில்லிமீட்டர் ஆங்கிலம், 70 இத்தாலி. அந்த இரண்டு மில்லிமீட்டருக்காகத்தான் வெர்னியர் கல்யாணத்துக்கெல்லாம் வருகிறது. இவரை யாராவது மரை கழன்றவர் என்று சொன்னால் கோபிக்கமாட்டார். "எந்த மரை?" என்று கேட்பார்.

பெயின்ட் விஷயத்தில் இந்த இனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒரு கட்சி துருவையும் கீறலையும் அப்படியே விட்டு மெழுகு பூசும். இன்னொரு கட்சி சுரண்டிவிட்டு, மெர்க்ஸ் காலத்து மொல்டேனி அணியின் ஆரஞ்சை அடித்துப் பளபளவென்று நிறுத்தும். முதல் கட்சி இரண்டாவதைக் கொலைகாரர்கள் என்கிறது. இரண்டாவது முதலாவதைச் சோம்பேறிகள் என்கிறது. இரண்டிலும் உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது, ஆனால் ஃபிளாண்டர்ஸில் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி ஓடுமா? ஓடாது. ஒரு போல்ட் குறைகிறது. ஹ்யூரே கம்பெனி என்றோ நிறுத்திவிட்ட போல்ட். அது ஒரு முழு சைக்கிளில் மாட்டிய நிலையில் மட்டுமே கிடைக்கும். ஆகவே அந்தச் சைக்கிளையும் வாங்குகிறார். "பார்ட்ஸுக்காக" என்று வீட்டில் சொல்கிறார். பார்ட்ஸுக்கு வந்த வண்டி, பார்க்கப் பார்க்க, உடைப்பதற்கு மனம் வராத அபூர்வ வண்டியாகிவிடுகிறது. அதற்கு ஒரு நட் குறைகிறது. நிலவறை நிரம்பிய கதை இதுதான்.

என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ரோட்டுக்கு வரும். கம்பளி ஜெர்சியில் மொல்டேனி என்ற எழுத்து வயிற்றின்மேல் அகன்று ஓடும். அது இத்தாலிய சாசேஜ் கம்பெனியின் பெயர், ஆகவே பொருத்தமான இடம். காலைப் பெடலில் தோல் வாரால் கட்டிக்கொள்வார். சிகப்பு விளக்கில் நிற்க வேண்டுமானால் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். தளர்த்த மறந்தால் வண்டியோடு சேர்ந்து மெதுவாக, மரியாதையாக, ஒரு பக்கமாகச் சாய்வார். விழுந்ததும் முதலில் பார்ப்பது முழங்காலை அல்ல, பெயின்ட்டை.

அவுடனார்டே ஊருக்குப் பக்கத்தில் கொப்பன்பெர்க் என்று ஒரு கல் பாவிய மேடு. ஒரு கட்டத்தில் 22 சதவீத ஏற்றம். நவீன சைக்கிள்காரர்கள் தட்டு அகலத்துக்குப் பின்சக்கரத்தில் பல் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். நம்மாளின் கிராங்கில் முன்பல் 42. அதில் 41-க்குக் கீழே மாட்ட முடியாது, மாட்ட முடிந்தாலும் மாட்டமாட்டார். ஆகவே பாதி மேட்டில் இறங்கி விடுவார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. 1976-ல் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயம் முதல்முறை அந்த மேட்டில் ஏறியபோது மெர்க்ஸே இறங்கித்தான் நடந்தார் என்று மூச்சிரைக்கச் சொல்வார். மூச்சு பாக்கியிருந்தால் 1977 கதையும் வரும்: ஃபிளாண்டிரியா அணியின் ஃபிரெடி மார்ட்டன்ஸ் அதே மேட்டில் சட்டவிரோதமாகச் சைக்கிள் மாற்றித் தகுதி இழந்தார், ஆனாலும் கடைசிவரை முன்னால் மிதித்துக்கொண்டே போனார், பின்னாலேயே வந்த ரோஜர் டி விளமிங்க் ஜெயித்துக்கொண்டு போனார். "மாற்றின வண்டி எது தெரியுமா?" என்று ஆரம்பிப்பதற்குள் கூட வந்தவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சவாரி எப்படியும் ஒரு கடையில் முடியும். அவுடனார்டேயின் லீஃப்மன்ஸ் பழுப்பு பியர் வரும். சுவரில் சாய்த்த வண்டிகளைச் சுற்றி இன்னும் பல நம்மாள்கள் கூடுவார்கள், ஒருவர் வண்டியை இன்னொருவர் கவிழ்ப்பார். ஓட்டியது கொஞ்ச நேரம், கவிழ்த்தது சாயங்காலம் வரை.

அந்தப் பக்கம் போனால் அவசியம் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். ஏமாற்றத் தெரியாத மனிதர். நம்பரைக் கேளுங்கள், மரையைக் கேளுங்கள், சுவர் கட்டிய சகோதரர்களைக் கேளுங்கள், எல்லாம் சொல்வார். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீட்டம்மா பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பார்.