தடை சொல்லா வள்ளல்

அரசர்களின் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். எந்த நாட்டை வென்றார், யார் முடியைப் பறித்தார், எத்தனை யானை கொண்டார் என்பதையெல்லாம் பாடி முடித்த பிறகுதான், கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார் என்ற விஷயத்துக்கே வருவார்கள். என் பழைய புல்லட்டில் எழுந்தருளி எட்டு நாள் செங்கோல் செலுத்திய இக்னிஷன் காயிலுக்கு இதுவரை ஒரு கல்வெட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க அடியேனால் ஆன சிறு தொண்டு இது.

1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் கைகோத்து, பிறகு திருவொற்றியூரில் வார்த்தெடுத்த வம்சத்தில் வந்தது என் வண்டி. எண்பதுகளின் பிற்பகுதியில் பிறந்தது. அதற்குள் பாயின்ட்டும் கண்டன்சரும் சிறு குடித்தனம் நடத்திவந்தன. கெட்டரிங் என்ற அமெரிக்கர் காடிலாக் காருக்கு வகுத்துக் கொடுத்த ஏற்பாடுதான் அது. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் மின்சாரம் ஓடிக் காந்தம் திரளும். பாயின்ட் திறந்ததும் காந்தம் சரியும். சரிகிற வேகத்தில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி தட்டும். பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மாதம் ஒருமுறை குந்தி உட்கார்ந்து ஃபீலர் கேஜ் நுழைக்க வேண்டும். எனக்கு முட்டி வலி. ஆகவே பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது என்று முடிவானது.

பெட்டி வந்தது. கூடவே நான்காக மடித்த ஒரு காகிதமும் வந்தது. அதில் ஒரு வரி: காயிலின் பிரைமரி தடை 3 ஓமுக்குக் குறையக் கூடாது. பட்டறையில் அந்தக் காகிதத்துக்குக் கிடைத்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். கிரீஸ் படிந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை அது ஒரே துடைப்பில் பளிச்சென்று ஆக்கியது. எழுத்தின் பயனை இவ்வளவு நேரடியாக அறுவடை செய்த வாசகர் உலகில் வேறு எவரும் இருக்க முடியாது.

பழைய காயில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அது கிட்டத்தட்ட 4 ஓம் காயில். பெட்டி கேட்டதற்கு அச்சாகப் பொருந்தியிருக்கும். ஆனால் மெக்கானிக் அண்ணன் என்னைப் பரிவோடு பார்த்தார்.

“புதுப் பெட்டிக்குப் பழைய காயிலா சார்? மாப்பிள்ளைக்குப் பழைய வேட்டி கட்டுவாங்களா?”

தூது போன ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்து வியந்தாரே, அந்த வியப்பு அப்போது எனக்கும் வந்தது. புதிய காயிலின் திருமேனியில் ஒரு கீறல் இல்லை, ஒரு துளி எண்ணெய் இல்லை. பழையதோ பாவம், முப்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் ஓடி, துருவேறி, சேற்றில் தோய்ந்து, பார்க்கவே கண்கூசும் நிலையில் கிடந்தது. எதை எடுப்பது என்பதில் கண்ணுள்ளவனுக்குச் சந்தேகம் வருமா?

தேர்வு நடந்த முறையையும் சொல்ல வேண்டும். குடவோலை முறையைவிட நுட்பமானது அது. கடைக்காரர் முதலில் மூன்று காயில்களை அவையில் நிறுத்தினார். ஒன்று ஏதோ 100 சிசி வண்டியில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற குட்டிக் காயில். அரை ஓம்கூடத் தேறாது. அது சிடிஐ குலக்கொழுந்து. அந்தக் குலத்தில் ஒரு கெப்பாசிட்டர் இருநூறு, முந்நூறு வோல்ட்டைச் சேர்த்துவைத்து, கண் இமைப்பதற்குள் காயிலின் தலையில் கொட்டிவிடும். கொட்டியதைப் பெருக்கிக் கொடுப்பதுதான் காயிலின் வேலை. சேமிக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. என்னுடைய பெட்டியோ வேறு குலம். அது காயிலுக்குள்ளேயே மின்சாரத்தை ஓடவிட்டுச் சேமித்து வெட்டுகிற டிரான்சிஸ்டர் வகை. இந்தக் குலபேதங்களையெல்லாம் கடைக்காரர் ஒரே வாக்கில் ஒழித்துக்கட்டினார்: “எல்லாக் காயிலும் ஒண்ணுதான் சார்.” சாதி ஒழிப்பு இயக்கங்கள் நூறு வருஷமாகப் பாடுபட்டும் எட்டாத சமத்துவம்.

இரண்டாவது, 6 வோல்ட் காயில். அதைப் பற்றி இகழ்ச்சியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். ட்ரையம்ப் போனவில் போன்ற ஆங்கில இரட்டை சிலிண்டர் வண்டிகளில், 12 வோல்ட்டில் அப்படி இரண்டைத் தொடராகக் கோத்து, இரண்டின் தடையும் கூடி ஒரு கணக்கு வரும்படி ஓட்டுகிறார்கள். அது கணக்குப் பார்க்கிறவர்களின் சிறுமை. எங்களுக்கு ஒரு சிலிண்டர், ஒரு காயில், ஒரே மனசு.

மூன்றாவது அவர். எங்கள் பெருமான். காரில் பிறந்தவர். உருண்டு திரண்ட அலுமினியத் திருமேனி, வயிறு நிறைய எண்ணெய், மேலே கரும்பேக்லைட் மகுடம். மெக்கானிக் அண்ணன் கையில் தூக்கிப் பார்த்தார். “வெயிட்டா இருக்கு.” நிறம் பார்த்தார். விலை கேட்டார். தகுதி தேறிவிட்டது. அடிப்பக்கத்தில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் அளவில், ‘வெளித் தடையுடன் பயன்படுத்தவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ பொறித்திருந்தது. தன்னடக்கம் உள்ளவர்கள் தங்களைப் பற்றிச் சின்ன எழுத்தில்தான் சொல்லிக்கொள்வார்கள்.

காரில் இவருக்கு முன்னால் பாலாஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒரு வாயிற்காவலர் நிற்பார். இஞ்சினைச் சுற்றிவிடும் நேரம் மட்டும் காவலரை ஒதுக்கிவைத்து முழு பேட்டரியையும் கொடுப்பார்கள். ஓட ஆரம்பித்ததும் எல்லாம் காவலர் வழியாகத்தான் வரும். புல்லட்டுக்கு வந்தபோது பெருமான் காவலரை உடன் அழைத்து வரவில்லை. மக்களோடு நேரடியாகப் பழகும் மன்னர் அவர்.

“எத்தனை ஓம்?” என்று நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டுவிட்டேன்.

“ஓம் எல்லாம் போட்டுப் பூஜை பண்ணித்தான் சார் வச்சிருக்கேன்” என்றார் கடைக்காரர். உண்மைதான். மேலே குங்குமப் பொட்டு இருந்தது.

1827-இல் கியோர்க் சைமன் ஓம் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர், வோல்ட்டைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் வரும் என்று எழுதினார். அவருடைய நாட்டு அறிஞர்கள் முகம் கொடுக்கவில்லை. மனம் கசந்து வேலையையே விட்டார். பிற்பாடு 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவசரப்பட்டுப் பதக்கம் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டது. அவருக்குக் கிடைத்த அந்த முதல் வரவேற்பின் தூய்மையை இன்றுவரை மாறாமல் காத்துவருபவை நம் கடைகளும் பட்டறைகளும்தான். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு காயிலின் இரண்டு சின்ன முனைகளில் வைத்து, முந்தைய எண்ணைக் கழித்தால் பிரைமரி தடை தெரிந்துவிடும். அரை நிமிஷ வேலை. இவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிடுகிற ஒரு விஷயத்தில் என்ன மகிமை இருக்க முடியும்?

வீட்டுக்கு வந்த பிறகு, வெட்கக்கேடு, நான் அளந்தேன். 1.5 ஓம். 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3 ஆம்பியர். பழைய காயில் இவ்வளவுதான் கொடுத்துவந்தது, கஞ்சன். 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8. பெருமான் தடை என்ற சொல்லையே அறியாதவர். பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் வாங்குவார், பெட்டி எவ்வளவு தாங்கினாலும் அதற்கு மேல் கொடுப்பார். இரவலர்க்கு இல்லை என்று சொன்ன நாள் கிடையாது. கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்தான். இவர் பெட்டிக்குள் இருந்த டிரான்சிஸ்டரின் கவசத்தையே அறுத்துக் கொடுத்தார். அளந்த பிறகும் ஏன் கழற்றவில்லை என்று கேட்பீர்கள். மன்னரை அளந்ததே குற்றம். அதற்கு மேல் பதவி இறக்கவும் வேண்டுமா?

முதல் நாள் முடிசூட்டு விழா. ஒரே கிக். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது கொழுத்த நீலப் பொறி, சுளீர் சுளீரென்று. “பாத்தீங்களா சார்?” என்றார் அண்ணன். பார்த்தேன். ஆம்மீட்டர் முள்ளையும் பார்த்தேன். இத்தனை வருஷம் நடுவில் விறைத்து நின்ற திமிர் பிடித்த முள், பெருமான் முன்னிலையில் இடப்பக்கம் சரிந்து சாஷ்டாங்கமாக விழுந்து கிடந்தது. இரவில் ஹெட்லைட்டும் தலையெடுக்கத் துணியவில்லை. பெருமானின் ஒளிக்கு முன் இன்னொரு ஒளி எதற்கு என்று அகல்விளக்காக அடங்கிவிட்டது.

இணைப்புக் கொடுத்ததிலும் அந்தச் சமத்துவம் இருந்தது. பிளஸ் முனை எது, மைனஸ் முனை எது என்ற உயர்வு தாழ்வு பாராமல் கைக்கு வந்த ஒயர் கைக்கு வந்த முனையில் ஏறியது. மாற்றிக் கொடுத்தால் பொறி தலைகீழாகப் பாயும். பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து கிளம்ப வேண்டியது குளிர்ந்த பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டிவரும். அதற்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். கொடுப்பதற்கென்றே பிறந்தவரிடம் கூடக் கொஞ்சம் கேட்பதில் தவறென்ன? பிளக் கேப்பில் 5 கிலோ ஓம் தடை இருந்தால்தான் பொறியின் இரைச்சல் எலக்ட்ரானிக் பெட்டியைக் குழப்பாது என்பார்கள். தடை என்ற சொல் அவைக்கு ஆகாது என்பதால் அதையும் விலக்கிவைத்தோம்.

எட்டாம் நாள் திண்டிவனத்துக்கு ஒரு கல்யாணம். அன்றுதான் பெருமானின் பக்தி எனக்குத் தெரிந்தது. தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் குளிர்ந்த காற்றில் சிங்கமாக ஓடிவந்தவர், சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மரைத் தாண்டிப் போக மனமின்றி நின்றுவிட்டார். இருபது நிமிஷம் தியானம். தொட்டுப் பார்த்தேன், தவக்கனல், கை பொத்துவிட்டது. ஆறியதும் ஒரே கிக்கில் எழுந்தார். அடுத்து மதுராந்தகம். ஏரி காத்த ராமரைச் சேவிக்காமல் போவாரா? இந்த முறை நாற்பது நிமிஷம். அடுத்து மேல்மருவத்தூர். நான் இந்தச் சாலையில் எத்தனையோ வருஷமாகப் போய்வருகிறேன். எந்தக் கோயிலிலும் இறங்கியதில்லை. ஆறும் வரை ஓடாது, ஓடும் வரை சுடாது என்கிற இந்தக் குணத்தைச் சுருளின் இன்சுலேஷன் சூட்டில் விட்டுக்கொடுக்கிறது என்று சில நாத்திகர்கள் விளக்குவார்கள்.

ஒவ்வொரு திருத்தலத்திலும் ஒரு தொண்டர் தோன்றினார். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். பிளக் கறுத்துவிட்டது என்றார் இன்னொருவர். டீக்கடையிலிருந்து எழுந்து வந்த பெரியவர், கேட்காமலே கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வாயில் வைத்து ஊதிக் கொடுத்தார். காயிலின் பக்கம் ஒருவர் கையும் நீளவில்லை. குங்குமப் பொட்டு இருந்ததே. முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் பாரி. அவனுக்கு ஒரு தேர்தான், ஒரு தடவைதான். எங்கள் வள்ளல் ஒரே பகலில் மூன்று தடவை தேரைச் சாலையோரத்துச் செடிகளுக்குக் கொடுத்தார்.

மேல்மருவத்தூரில் அவர் எழுந்திருக்கவில்லை. சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிந்து, மகுடத்தில் ஒரு வெடிப்போடு, பெட்டியையும் தன்னுடன் அழைத்துக்கொண்டு நிறைவெய்தினார். உடன்கட்டை ஏறும் வழக்கத்தைச் சட்டம் 1829-லேயே தடைசெய்துவிட்டது என்பது பெட்டிக்குத் தெரியாது போலும். கல்யாணச் சாப்பாடு போயிற்று. ஆனால் எனக்கு அன்று கிடைத்த பேறு வேறு எந்த புல்லட்காரனுக்கும் கிடைத்திராது: கயிறு கட்டி, முன்சக்கரம் ஆகாயம் பார்க்க, குட்டி யானை மேல் ஏறி என் வண்டி சென்னை வரைக்கும் பவனி வந்தது. நான் பின்னால் நின்று, அம்பாரியில் வீற்றிருக்கும் அரசருக்குக் கவரி வீசுவதுபோல், டாங்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் தம்பி 2,800 ரூபாய் காணிக்கை வாங்கிக்கொண்டார்.

பட்டறை வாசலில் இறக்கியபோது இரவு ஒன்பது மணி. மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்து, எண்ணெய் வழிந்து, வெடித்து, இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்த காயிலை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

“காயில் கிண்ணுன்னு இருக்கு சார்” என்றார். “கார்புரேட்டர்தான். கழட்டிருவோம்.”