ஆலங்கட்டியும் சீற் கூரையும்: கேள்வி-பதில்

சித்திரை வெயிலில் றோட்டுத் தார் உருகுது. இந்த நேரத்தில் வானத்தில் ஐஸ் எங்கேயிருந்து வருது?
(வாசகர், புளியங்குளம்)

அந்த வெயில்தான் ஐஸ் செய்கிறது, அண்ணை! ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். வன்னியின் தலைக்கு மேலே வருவது புத்தாண்டை ஒட்டித்தான். சூடேறிய ஈரக்காற்று பின்னேரத்தில் விறுவிறுவென்று மேலே ஏறும். ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலே போனால் உறைகுளிர். நீர்த்துளி கட்டியாகும், கீழிருந்து வரும் காற்று தாங்கும் மட்டும் அது பருக்கும், தாங்காதபோது விழும். வரும் வழியெல்லாம் சூடு என்பதால் பாதி கரைந்துவிடும். அதனால் நமக்கு வருவது பெரும்பாலும் கடலை, நெல்லிக்காய் அளவுதான். ஆனால் 1986 ஏப்ரல் 14 அன்று வங்காளதேசத்தின் கோபால்கஞ்சில் ஒரு கிலோ எடையுள்ள கட்டி விழுந்தது. அந்தப் புயலில் 92 பேர் இறந்தார்கள்.

கட்டி சின்னன்தானே? பிறகு ஏன் பக்கத்து வீட்டுக் கூரை வேலிக்கு அங்கால போய்க் கிடக்குது?
(வாசகி, விசுவமடு)

அம்மா, கட்டி சத்தம் போடும். கூரையைத் தூக்குவது காற்று. மழையோடும் ஐஸோடும் குளிர்ந்து கனத்த காற்று முகிலிலிருந்து விழுந்து, நிலத்தில் மோதி நாலு பக்கமும் சீறும். தாவாரத்துக்குக் கீழே புகுந்து மேலே தள்ளும். கூரைக்கு மேலே ஓடும் காற்றோ இழுக்கும். முதலில் கழல்வது மூலையும் ஓரமும்தான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது வந்தது பெரும் புயல். சித்திரைக் காற்றோ பத்து நிமிசம் அடித்தாலே போதும், தளர்ந்த கூரை தாங்காது.

நம் ஊரின் கதையையும் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு தறப்பாளுக்குக் கீழே இருந்த சனம், இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சத்தோடு கடனும் பட்டுக் கட்டிய வீடுகள் இவை. கட்டிட வேலையில் கூரை கடைசியில் வரும், காசு முதலிலேயே முடிந்துவிடும். ஆணியில் மிச்சம் பிடித்த வீடுகள் எத்தனையோ! ஆகவே இந்த மாதமே ஓரச் சீற்றுகளைப் பாருங்கள். வாசர் துருப்பிடித்திருக்கிறதா, சிலாகையைக் கறையான் அரித்திருக்கிறதா, வளை சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா? முன்பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்க வைத்திருக்கும் காசை இதற்குச் செலவழியுங்கள்.

சீற் வெடித்து ஒழுகுது. மகன் ஏறித் தார் பூசட்டோ?
(வாசகி, முள்ளியவளை)

தயவுசெய்து ஏற விடாதீர்கள். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் ஆளின் பாரத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், ஈரமென்றால் வழுக்கும். பகலில் லைற்றை அணைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாலே வெளிச்சம் வரும் வெடிப்புகள் தெரியும். பிறகு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவரும் சீற்றை மிதிக்காமல், வளைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு ஏற வேண்டும்.

உடைந்த துண்டுகளை வாளால் அறுக்காதீர்கள், காய்ந்தபடி கூட்டாதீர்கள், ஒழுங்கைக் கிடங்கு நிரப்ப நொறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, பையில் கட்டுங்கள்.

நட்டஈடு கிடைக்குமா?
(வாசகர், செட்டிகுளம்)

திருத்த முதல் படம் எடுங்கள். கட்டி கரைய முதல் அதன் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குத்தியை வைத்து ஒரு படம். உடைந்த கூரை, நனைந்த நெல் மூட்டை, பிள்ளைகளின் கொப்பி எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. மேலே தறப்பாள் போடலாம், உடைந்ததை மட்டும் உடனே எறியாதீர்கள். அன்றைக்கே கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். அவருடைய அறிக்கைதான் பிரதேச செயலகத்துக்குப் போகும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வீட்டுக்குக் காப்புறுதி இருந்தால் பத்திரத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள்: தீக்கு மட்டுமா, புயலுக்கும் காற்றுக்கும் சேர்த்தா?

ஆலங்கட்டியைப் பொறுக்கிச் சாப்பிடலாமா?
(மாணவி, ஒட்டுசுட்டான்)

பொறுக்கலாம் தங்கச்சி, கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போன பிறகு. அதற்குள் கரைந்துவிடுமே என்று ஓடாதே. கட்டி விழும் முகிலில்தான் மின்னலும் இருக்கும். தூசு, அழுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால் சாப்பிட வேண்டாம். விழுந்த நேரத்தையும் அளவையும் கொப்பியில் எழுதி வை. வானிலை அவதான நிலையம் எல்லா ஊரிலும் இல்லை. கட்டி மழையோ ஒரு ஊருக்கு விழுந்து அடுத்த ஊருக்கு விழாமல் போகும், அதனால் உன் குறிப்புக்குப் பெறுமதி உண்டு.