கடல்வலம் வரும் வாத்தியார்

பிள்ளையார்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒருவர் முழுக்கைச் சட்டையும் டையுமாக வாசலில் நின்று ஷூவைத் தேடிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். அவர்தான் மாலத்தீவு சார். லீவுக்கு வந்திருக்கிறார். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை; ஞாயிறு காலையில் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். “ஏங்க, இது காஞ்சிபுரம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும், அதற்காகவே எழுந்தவர் மாதிரி டையோடு பால் வாங்கக் கிளம்பிவிடுவார்.

ஆங்கிலம் படித்து, பி.எட். முடித்து, உள்ளூர்த் தனியார் பள்ளியில் சில வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு மாலேவுக்கு விமானம் ஏறும் வாத்தியார்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் உண்டு. காஞ்சிபுரத்து ரகத்தில் கொஞ்சம் சரிகை கூடுதல்.

வேலை கிடைத்த அன்று தறியில் இருந்த அப்பா கேட்டது ஒரே கேள்வி: “ரூஃபியா கணக்கெல்லாம் எனக்கு வேணாம். மாசத்துக்கு எத்தனை புடவைக் கூலி வரும், அதச் சொல்லு.” சார் ரூஃபியாவை டாலராக்கி, டாலரை ரூபாயாக்கி, ரூபாயைப் புடவையாக்கிச் சொன்னார். அப்பா தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே, “சரி, போய்ட்டு வா” என்றார்.

சுமார் 1,200 தீவுகள் கொண்ட நாடு மாலத்தீவு. ஊர்மக்கள் குடியிருக்கும் தீவுகள் 200கூட இல்லை. சாருக்கு வாய்த்தது, ஒரு முனையில் இருமினால் மறுமுனையில் கஷாயம் காய்ச்சத் தொடங்கும் அளவுள்ள தீவு.

முதல் வகுப்பிலேயே சறுக்கல். “பேஜ் பைவ்” என்றார் சார். பிள்ளைகள் ஒரே குரலில் “ஃபைவ்” என்று திருத்தின. குற்றம் சாருடையது மட்டுமா? காஃபியைக் காப்பியாக்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். மாலத்தீவின் திவேஹியோ தன் பழைய பகரத்தை ஃபகரமாக்கிக்கொண்ட மொழி. அதன் உறவுமொழியான சிங்களத்தில் ஐந்து என்பது ‘பஹ’, திவேஹியில் ‘ஃபஹெ’. எதிரெதிர்த் திசையில் போன தமிழும் திவேஹியும் ஐந்தாம் பக்கத்தில் முட்டிக்கொண்டன.

அடுத்து நோட்டுப் புத்தகம். திவேஹியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். மற்ற புதுவாத்தியார்கள் எது முதல் பக்கம் என்று திணறியபோது சார் அசரவில்லை. நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருவதைத் தொட்டிலில் கிடந்தே பார்த்தவர். “இங்கிலீஷ் போற நாடா, திவேஹி வர்ற நாடா. ரெண்டும் ஓடினாத்தான் துணி” என்று ஆங்கிலத்தில் விளக்கினார். கேட்டவர்கள் தறியைக் கண்டதில்லை. பெரிய வேதாந்தம் என்று தலையாட்டினார்கள்.

சாப்பாட்டில்தான் வேதாந்தம் எடுபடவில்லை. காலையில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் பிசைந்த மாஸ் ஹுனி, தொட்டுக்கொள்ள ரொஷி. மற்ற நாளில் வெளுத்துக் கட்டுவார். வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது. புரட்டாசி வந்தால் மாசம் முழுக்க ஆகாது. வீட்டுக்கார அம்மா தினமும் கிண்ணத்தோடு வந்து, உடம்புக்கு என்ன என்று கவலையோடு விசாரிப்பார். பக்கத்து அறைக் கேரளத்துக் கணக்கு வாத்தியாருக்கு மட்டும் புரட்டாசிதான் ஓணம். ஊர் ஞாபகம் வந்தால் சார் மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு எவர்சில்வர் டம்ளரில் காஞ்சிபுரம் இட்லி வேகவைப்பார். மந்தாரை இலை வாசனைக்குக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆனால் அவரை உண்மையிலேயே திகைக்க வைத்தது மாலை நேரம். எந்தத் தெருவில் திரும்பினாலும் கோபுரம் தெரியும் ஊர்க்காரர். அங்கோ வழிபாட்டுக்கென்று சாமி சிலை கொண்டுபோகவே சட்டம் இடம் தராது. பள்ளி விட்டதும் கால் தானாகக் கோயிலைத் தேடியது, கிடைத்தது கடற்கரை. நடந்தார். நடந்துகொண்டே இருந்ததில் தீவு ஒரு சுற்று முடிந்துவிட்டது. ‘கிரிவலம் உண்டென்றால் கடல்வலம் கூடாதா?’ என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதி, அன்றிலிருந்து தினம் ஒரு சுற்று. எப்போதும் இடதுகைப் பக்கம்தான் கடல். “சார் ஏன் இந்தப் பக்கமே போறீங்க?” என்று பிள்ளைகள் கேட்டபோது, “டைஜஷன்” என்று சொல்லிவைத்தார். இப்போது பாதித் தீவு ஜீரணத்துக்காக வலம் வருகிறது.

போன லீவில் மனைவியோடு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிருந்தார். ஆற்றில் வெள்ளம் வந்தபோது அம்பாள் மணல் லிங்கத்தைக் கட்டியணைத்துக் காத்த தலம். பிராகாரத்தில் சார் இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தார். “என்னத்தத் தேடுறீங்க? அது மதில்” என்றார் மனைவி. சன்னதியில் சார் நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. மாலத்தீவின் சராசரி உயரமே கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர்தான். ஐந்தரை அடி சாருக்குக் காது வரைக்கும் வந்தால் பெரிது.

“அப்படி என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“மணல் கரையக்கூடாதுன்னு.”

“அதான் அம்மனே காப்பாத்திட்டாளே?”

“இது வேற மணல்” என்றார் சார். பிறகு, பாசம் வெளியே தெரிந்துவிட்டதோ என்று பயந்தவர் போல அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “காண்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷம் இருக்கில்ல?”