ஹெல்சிங்கியில் வசந்தம் வந்துவிட்டதாம்

அன்புள்ள மாமாவுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது, மத்தியானத்தில் தெருவில் நாய்கூட நடமாடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். இங்கேயும் வசந்தம் வந்துவிட்டது. அப்படித்தான் சொல்கிறார்கள். இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. அது கணக்கில் சேராதாம்.

இந்த ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்து வசந்தத்தை முடிவு செய்வதில்லை, மாமா. காலண்டரைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். வானம் சௌகரியப்படும்போது வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. காலை ஒன்பதரை மணி வாக்கில் தலைகாட்டும் சூரியன், மூன்றேகாலுக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் எந்தக் காரியமும் நடக்காது.

மார்ச்சில் லேசாக வெயில் எட்டிப் பார்த்ததும், தெற்குப் பார்த்த சுவராகத் தேடிப்போய்ச் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தி நிற்கிறார்கள். வெளியே இரண்டு டிகிரிதான். பஸ் ஸ்டாப்பில் ஆளுக்கு நாலடி தள்ளி நிற்கும் ஜனம், அந்தச் சுவரில் மட்டும் தோளோடு தோள் உரச நிற்கும். நம்மூர் ஏட்டு பார்த்தால் அடையாள அணிவகுப்பு என்றே நினைப்பார். எங்கள் மாடி வீட்டுக்காரர் குளிர்காலம் முழுக்க லிஃப்டில் என்னைப் பார்த்துத் தலையை அரை அங்குலம் அசைத்ததோடு சரி. மார்ச்சில் ஒருநாள் திடீரென்று “சூரியன்” என்றார். நான் “ஆமாம்” என்றேன். ரொம்பப் பேசிவிட்டோமோ என்று இரண்டு பேருக்குமே கூச்சமாகிவிட்டது.

அடுத்தது தூசி. நடைபாதை வழுக்காமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கப் பொடிஜல்லியைக் கொட்டியிருப்பார்கள். பனி உருகியதும் அத்தனையும் வெளியே வரும். ஆணி பதித்த டயர்கள் தார்ரோட்டைச் சுரண்டிய பொடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். காற்றடித்தால் பல்லெல்லாம் நறநற. எந்தத் தெருவை என்றைக்குக் கழுவப் போகிறார்கள் என்று முன்கூட்டியே பலகை வைத்துவிடுவார்கள். அன்றைக்குக் காரை அப்புறப்படுத்தியாக வேண்டும். தூசி அடங்கினால் மே மாதம் பிர்ச் மர மகரந்தம் கிளம்பும். ஆக, வசந்தத்தை நான் தும்மித் தும்மியே வரவேற்கிறேன்.

குருத்தோலை ஞாயிறன்று காலையில் காலிங்பெல் அடித்தது. திறந்தால் வாசலில் மூன்று குட்டிச் சூனியக்காரிகள். தலையில் துணி, கன்னத்தில் வரைந்த புள்ளிகள், கையில் கூடை. பாளையங்கோட்டையில் அன்றைக்குக் குருத்தோலை பிடிப்பார்கள். இங்கே ஓலைக்கு எங்கே போவது? மொட்டு விட்ட வில்லோ குச்சியில் கலர் இறகு கட்டிக் கொண்டுவருகிறார்கள். அதை நம்மை நோக்கி ஆட்டி, நாம் வருஷம் முழுக்க நலமாக இருக்க ஒரு பாட்டுப் பாடி, குச்சியைக் கொடுத்துவிட்டுச் சாக்லேட்டை வாங்கிக்கொள்வார்கள். கூலி வேண்டுமென்று பாட்டிலேயே கேட்டுவிடுகிறார்கள். நேர்மையான தேசம்.

எல்லாவற்றுக்கும் மேலே வப்பு என்று ஒன்று உண்டு. ஏப்ரல் 30 சாயங்காலம் ஆறு மணி. துறைமுகச் சந்தைக்குப் பக்கத்தில் ஹாவிஸ் அமாண்டா என்கிற வெண்கலப் பெண் சிலை, 1908-இல் வைத்தது. உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. அத்தையிடம் படித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் கிரேனில் ஏறிப்போய் அந்தச் சிலையைக் குளிப்பாட்டி, தலையில் வெள்ளைத் தொப்பி வைக்கிறார்கள். உடனே கூட்டம் மொத்தமும் தொப்பியை மாட்டிக்கொள்கிறது. பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்கள் போட்டுக்கொள்ளும் தொப்பி அது. எண்பது வயதுப் பாட்டிகூடப் பழுப்பேறிப்போன தன் தொப்பியோடு வந்து நிற்கிறாள். நம் வீட்டில் பிளஸ் டூ மார்க் ஷீட்டை லேமினேட் பண்ணி பீரோவில் வைப்பதோடு சரி. இவர்கள் ஆயுசுக்கும் தலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் மே தினம். கைவோபுயிஸ்தோ பூங்காவில் ஊரே திரண்டு புல்வெளியில் சாப்பிடுகிறது. மழையோ ஆலங்கட்டியோ, யாரும் எழுந்திருப்பதில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு சீமா குடிக்கிறார்கள். எலுமிச்சை, சர்க்கரை, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த பானம். பாட்டிலுக்குள் உலர்திராட்சை போட்டுவைப்பார்கள்; அது மேலே மிதந்தால் பதம் வந்துவிட்டதென்று அர்த்தம். நானும் போய் உட்கார்ந்தேன். குளிரில் பிளேட்டைப் பிடித்த கை விறைத்துப்போனது. பக்கத்துப் போர்வைக்காரர் சிரித்த முகத்தோடு, “போன வருஷத்துக்கு இது தேவலை” என்றார். அதே வாரம்தானே உங்களுக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம்?

கம்பளம் துவைப்பதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். கடலோரத்தில் அதற்கென்றே மரத்தில் துறை கட்டி விட்டிருக்கிறார்கள். கந்தல் துணியில் நெய்த நீள நீளமான கம்பளங்களை ஆணும் பெண்ணுமாகத் தூக்கிவந்து, பைன் சோப்புப் போட்டுத் தேய்த்து, உருளையில் கொடுத்துப் பிழிந்து, கம்பியில் காயப்போடுகிறார்கள். அசல் நம்மூர்க் குறுக்குத்துறைப் படித்துறைதான், மாமா; ஊர்வம்பு மட்டும் கிடையாது. அவ்வளவு பேர் துவைக்கிற இடத்தில் பிரஷ் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. தண்ணீரைத் தொட்டுப் பார்த்த என் வீட்டுக்காரி, நம் கம்பளம் இன்னும் அழுக்காகவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எப்போது வந்தால் வசதி என்று அத்தை கேட்டிருந்தார்கள். ஜூன் கடைசியில் ராத்திரி பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சின்னவனைத் தூங்கவைப்பது பெரிய பாடு. நடுக்கோடைத் திருநாளுக்கு ஊரே ஏரிக்கரைக் குடிசைகளுக்குக் கிளம்பிவிடும், நகரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். அதனால் ஜூலையில் வாருங்கள். வரும்போது நல்லெண்ணெயும் கருப்பட்டியும் மறக்க வேண்டாம். ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள், மேலாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்