பனித்தரையில் பாயின்ட் கணக்கு

மகளிர் ஃபிகர் ஸ்கேட்டிங் தரவரிசை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் முழு இடமும்.

நடுவர்கள் 222, 217 என்று மார்க் போடுகிறார்கள். தரவரிசைப் பட்டியலிலோ 1200, 1080. எதற்கு இரண்டு கணக்கு?
*வாசகர், தூத்துக்குடி*

மார்க் ஆட்டத்துக்கு, பாயின்ட் பிடித்த இடத்துக்கு. ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் முதலிடத்துக்கு 1200. அடுத்து 1080, 972, 875, 787 என்று ஒவ்வொரு படிக்கும் பத்து சதவீதம் கழியும். எத்தனை மார்க்கில் ஜெயித்தீர்கள் என்று பட்டியல் கேட்காது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அலினா ஜாகிட்டோவா 239.57, எவ்கேனியா மெத்வெதேவா 238.26. இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் இருவருக்கும் அச்சுப் பிசகாமல் 156.65. மொத்த வித்தியாசம் 1.31 மார்க், பாயின்ட்டில் 120. மயிரிழையில் தோற்றாலும் மண்ணைக் கவ்வித் தோற்றாலும் இரண்டாம் இடத்துக்கு ஒரே கூலிதான்.

எந்தப் போட்டியில் ஜெயித்தாலும் 1200 உண்டா?
*பள்ளி ஆசிரியை, கரூர்*

ஆசை இருக்கலாம்! ஐரோப்பிய சாம்பியன்ஷிப், நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப் இரண்டிலும் முதலிடத்துக்கு 840. கிராண்ட் பிரீ இறுதிப் போட்டிக்கு 800, உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்புக்கு 500, கிராண்ட் பிரீ தொடரின் ஒரு போட்டிக்கு 400. ஐரோப்பா நீங்கலான நாடுகளுக்கு உரியது நான்கு கண்டங்கள் போட்டி. இந்தியாவின் தாரா பிரசாத் களமிறங்கியிருப்பது இதில்தான்.

அப்படியானால் கண்ணில் படும் போட்டியிலெல்லாம் ஆடி, பாயின்ட்டைச் சேர்த்துக்கொண்டே போகலாமே?
*வாசகர், வேலூர்*

அந்த ஓட்டையைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் முன்பே அடைத்துவிட்டது. போட்டிகள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வகையிலும் சிறந்த சில முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். ஒலிம்பிக்கும் சாம்பியன்ஷிப்புகளும் ஒரே வகை. அதில் சீசனுக்கு ஒன்றே ஒன்று. ஜாகிட்டோவாவையே பாருங்கள். 2018 ஜனவரியில் மாஸ்கோவில் ஐரோப்பியத் தங்கம், பிப்ரவரியில் ஒலிம்பிக் தங்கம், மார்ச்சில் மிலான் உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடம். சேர்ந்தது அந்த ஒலிம்பிக் 1200 மட்டும். ஐரோப்பியத் தங்கத்தால் லாபமில்லை, மிலான் சறுக்கலால் நஷ்டமும் இல்லை.

ஒருமுறை வாங்கிய பாயின்ட் ஆயுள் முழுக்க இருக்குமா?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்*

ஓய்வூதியம் என்று நினைத்துவிட்டீர்கள்! நடப்பு சீசன், அதற்கு முந்தைய இரண்டு, ஆக மூன்று சீசன்களுக்குத்தான் உயிர். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு சீசன். மூன்றில் பழையது முழு மதிப்பில் சேராது. அன்னா ஷெர்பகோவா 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் சாம்பியன். அதற்குப் பிறகு, 2022 மார்ச்சில் ரஷ்ய வீரர்களுக்குத் தடை. சர்வதேசப் போட்டி இல்லை, புதுப் பாயின்ட் இல்லை; பழையது காலாவதி. தங்கம் அவர் வீட்டில் இருக்கிறது, பெயர் பட்டியலில் இல்லை.

உலக சாம்பியன்தானே தரவரிசையில் முதலிடத்தில் இருக்க வேண்டும்?
*கல்லூரி மாணவி, நாமக்கல்*

நியாயம் அப்படித்தான் சொல்லும், கணக்கு கேட்காது. அமெரிக்காவின் அலிசா லியூ 2022 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கிய கையோடு, 16 வயதில் ஓய்வு அறிவித்தார். இரண்டு சீசன் கழித்துத் திரும்பினார். 2024 ஸ்கேட் கனடாவில் ஆறாம் இடம், ஜப்பானின் என்எச்கே கோப்பையில் நான்காம் இடம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025 மார்ச்சில் பாஸ்டனில் 222.97 எடுத்து உலக சாம்பியன் ஆனார். அன்றைய கணக்கில் அவருக்கு மூன்றில் இரண்டு சீசன் பூஜ்யம். அந்த 2022 வெண்கலமோ காலாவதி. அவரிடம் தோற்று 217.98 எடுத்த காவோரி சாகாமோட்டோவின் கையில் முந்தைய இரண்டு சீசன்களின் உலகத் தங்கங்கள். தோற்றவர் மேலே, ஜெயித்தவர் கீழே.

அப்புறம் இந்தத் தரவரிசையால் என்னதான் பயன்?
*வாசகர், ஈரோடு*

இரண்டு பயன். ஒன்று, கிராண்ட் பிரீ தொடருக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்யும்போது பார்க்கும் பட்டியல்களில் இது ஒன்று. இரண்டு, பெரிய போட்டிகளில் முதல் சுற்றான ஷார்ட் புரோகிராம் ஆடும் வரிசை. தரவரிசையில் மேலே இருப்பவர்கள் கடைசிக் குழுக்களில் வருவார்கள். நேரம் ஆக ஆக நடுவர்களின் கை தாராளமாகும் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. நடுவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் முதல் ஆளாக ஆடச் சொன்னால் யாரும் குதூகலிப்பதும் இல்லை!

கிராண்ட் பிரீயில் ஜெயித்தால் 15 பாயின்ட் என்று டிவியில் சொன்னார்களே. நீங்கள் 400 என்கிறீர்கள்?
*வாசகி, சேலம்*

இரண்டும் சரி. 15, 13, 11, 9, 7, 5, 4, 3 என்பது தொடருக்குள் ஓடும் தனிக்கணக்கு. ஆறு போட்டிகளில் ஒருவர் அதிகபட்சம் இரண்டில் ஆடலாம். கூட்டிப் பார்த்து முதல் ஆறு பேர் இறுதிப் போட்டிக்கு. இரண்டையும் ஜெயித்தால் 30, கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுக்கலாம். 400 என்பது உலகத் தரவரிசைக்கு. ஒரே வெற்றி, இரண்டு பேரேடு.

தரவரிசையில் முதல் 30 பேர் ஒலிம்பிக்குக்குப் போவார்களா?
*வாசகர், திருநெல்வேலி*

மாட்டார்கள். இடம் நாட்டுக்குக் கிடைக்கும், ஆளுக்கு அல்ல. பெரும்பாலான இடங்கள் முந்தைய ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் முடிவாகும். ஒரு நாட்டின் சிறந்த இருவர் பிடித்த இடங்களைக் கூட்டினால் 13-க்குள் வந்தால் அந்த நாட்டுக்கு மூன்று பேர். 28-க்குள் வந்தால் இரண்டு. 2025-ல் அமெரிக்காவுக்கு லியூ 1, இசபெல்லா லெவிட்டோ 4, கூட்டினால் 5. மூன்று இடமும் கைக்கு வந்தது. யாரை அனுப்புவது என்பது அந்த நாட்டின் தலைவலி.

ஜப்பானின் மாவ் ஷிமாடா ஜூனியரில் யாரையும் விடுவதில்லை. தரவரிசை உச்சிக்கு ஏன் வரவில்லை?
*மாணவர், காரைக்குடி*

வயது! சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-ஆக உயர்த்த 2022-ல் முடிவெடுத்தார்கள். ஷிமாடா பிறந்தது 2008 அக்டோபர்; ஒலிம்பிக் சீசன் தொடங்கிய 2025 ஜூலை 1-ல் அவருக்கு 17 ஆகவில்லை. 2023, 2024, 2025 என்று மூன்று உலக ஜூனியர் பட்டம் வாங்கியும் 2026 ஒலிம்பிக் வாசல் திறக்கவில்லை. பட்டத்துக்கு 500 வீதம் வாங்கியவர், 1200 கிடைக்கும் மேடையில் ஏறவே முடியாதிருந்தபோது உச்சி எங்கே?

கடைசியாகச் சொல்லுங்கள்: பதக்கம் பெரிதா, தரவரிசை பெரிதா?
*வாசகர், புதுச்சேரி*

பதக்கம்தான். ஒரு நாள் அசத்தியவர் யார் என்று பதக்கம் சொல்லும். மூன்று சீசன் விடாமல் வந்து நின்றவர் யார் என்று தரவரிசை சொல்லும். 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம் வென்ற சாகாமோட்டோ போன்றவர்களுக்கு இரண்டும் சேரும். மகளிரில் அவருக்கு முன் அப்படி வென்றது 1966 முதல் 1968 வரை பெக்கி ஃபிளெமிங். மற்றவர்களைப் பொறுத்தவரை, அடுத்த முறை பட்டியலைப் பார்க்கும்போது எத்தனையாவது இடம் என்பதற்கு முன்னால் எத்தனை சீசன் ஆடியிருக்கிறார் என்று பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.